பிக்காசோ அழித்துவிட்டுப் போன முகம்

அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை பிக்காசோ வரைந்த ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடியெடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டும் மடியில் கிடக்கும் கைகளும் பழுப்பு நிறத்தில் குழைந்து ஓட, முகம் மட்டும் விளிம்பு தெரியக் கெட்டியாக நிற்கிறது. இரண்டு கண்ணும் ஒரே மாதிரிகூட இல்லை.

எண்பது தொண்ணூறு தடவை எதிரே உட்கார்ந்தேன் என்பது ஸ்டைன் சொன்ன கணக்கு (கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்). அத்தனைக்கும் பிறகு 1906-இல் பிக்காசோ தலையை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பெயினில் பைரனீஸ் மலைப்பக்கம் கோசோல் என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ஸ்டைனைக் கூப்பிடவே இல்லை, அவர் பாட்டுக்கு முகத்தைப் போட்டு முடித்துவிட்டார்.

ஆளை எதிரில் வைத்து வராத முகம், ஆளே இல்லாமல் எப்படி வந்தது? அந்தச் சமயத்தில் பாரிஸின் லூவர் மியூசியத்தில் கிறிஸ்துவுக்கு முந்தைய ஐபீரியச் சிற்பங்களை, அதாவது பழங்கால ஸ்பெயின் மக்கள் செதுக்கியவற்றை, வைத்திருந்தார்கள். ஒசூனாவில் தோண்டியெடுத்தவை, தெற்கு ஸ்பெயினில் பிக்காசோ பிறந்த அதே அந்தலூசியா மண். கோசோலில் இருந்த பழைய மாதா சிலையும் ஒரு காரணம் என்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் அந்த ஐபீரியத் தலைகளின் தடித்த இமையும் இறுகிய வாயும் அப்படியே ஸ்டைனிடம் வந்திருக்கின்றன. கல்லில் செதுக்குகிறவனுக்கு ஒரு நொடிப் புன்னகையைப் பிடிக்கிற வேலையே கிடையாது. நெற்றி எங்கே முடிகிறது, கன்னம் எங்கே திரும்புகிறது, இவ்வளவுதான் அவன் கவலை. பிக்காசோ எடுத்துக்கொண்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். போட்டோ பார்த்து முகம் வரைகிறவர்கள் பலர் புன்னகையோடு மல்லுக்கட்டி எலும்பைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்த வருடம் பிக்காசோ வரைந்தது 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியம். நடுவில் நிற்கும் இருவரின் காதையும் கண்ணையும் பார்த்தாலே அந்த ஐபீரியத் தலைகள் தெரிந்துவிடும். புகழெல்லாம் அதற்குத்தான், எனக்கென்னவோ ஒட்டு தெரிகிற ஸ்டைன்தான் பிடிக்கிறது.

அப்புறம் ஒரு கூத்து. 1907-இல் கவிஞர் அப்போலினேரிடம் வேலை பார்த்த ஜெரி பியரே என்பவன் லூவரிலிருந்து இரண்டு ஐபீரியத் தலைகளைத் திருடி பிக்காசோவிடமே விற்றான். 1911-இல் மோனாலிசா காணாமல் போனதும் பிக்காசோவுக்கும் அப்போலினேருக்கும் கிலி பிடித்துவிட்டது, தலைகளை ஒரு பத்திரிகை அலுவலகம் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணையில் பிக்காசோ தப்பித்தார், சில நாள் உள்ளே இருந்தது அப்போலினேர்தான்.