சுக்கான் தண்டில் நாங்கள் போட்ட தப்புக் கணக்கு

மெக்கானிக்கல் கடைசி வருடம். நாங்கள் நாலு பேர் சின்னப் பாய்ப்படகுக்குக் கழற்றி மாட்டுகிற சுக்கான் (படகைத் திருப்புகிற பலகை) என்று ப்ராஜெக்ட் தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டோம். எதற்குக் கழற்ற வேண்டும் என்பதே உவரிக் கரைக்கு பஸ் ஏறிப் போன பிறகுதான் புரிந்தது. வள்ளம் நேராக மணலில் ஏறுகிறது. அடியில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் தரை தட்டும். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா, அலைக்குள்ள நின்னுக்கிட்டு இத ஒத்தக் கையால உருவ முடியுமா?" என்றார். வைவாவில்கூட இப்படி ஒரு கேள்வி வரவில்லை.

இதே தலைப்பை எடுப்பவர்கள் பலகையைத் தாங்கித் திருப்புகிற தண்டின் கணக்கில்தான் உட்கார வேண்டும். எங்கள் பலகை 60 செ.மீ. ஆழம், 25 செ.மீ. அகலம். வேகம் 5 நாட், கடல்நீர் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ, லிஃப்ட் கெழு (தண்ணீர் பலகையைப் பக்கவாட்டில் தள்ளுகிற அளவைச் சொல்லும் எண்) 1.2 என்று வைத்தால் பலகை மேல் சுமார் 610 நியூட்டன் வரும். அந்த விசை விழுகிற புள்ளியான அழுத்த மையம் தண்டின் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்ததால் முறுக்கு 30 நியூட்டன் மீட்டர்தான். 15 மி.மீ. தண்டே தாராளம் என்று முடித்துவிட்டோம். கைடு பேனாவை வைத்துவிட்டு, "வளையாதா?" என்றார். அதே விசை படகின் அடியிலிருந்து 30 செ.மீ. கீழே நின்று தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அதாவது வளைக்கிற திருப்பம் 183 நியூட்டன் மீட்டர். தகைவு (உலோகத்துக்குள் ஏறுகிற அழுத்தம்) 550 மெகாபாஸ்கலைத் தாண்டியது. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 205 வாக்கிலேயே வளைந்துவிடும். 30 மி.மீ. ஆக்கியதும் 69க்கு இறங்கியது. விட்டம் இரண்டு மடங்கானால் தகைவு எட்டில் ஒரு பங்கு.

தண்டு சுழலுகிற உறையான புஷ்ஷுக்கு நைலான் போடாதீர்கள். லேத்தில் கடைந்தபோது வழுக்கிக்கொண்டு போனது, ஒரு வாரம் வாளித் தண்ணீரில் கிடந்ததும் ஊதிப்போய்த் தண்டைக் கவ்விக்கொண்டது. கழற்றுகிற சுக்கானைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். அப்புறம் அசிட்டால் என்கிற, தண்ணீரில் அவ்வளவாக ஊதாத பிளாஸ்டிக் போட்டோம்.

இன்னொன்று, மரப்பலகை மிதக்கும். மேலே ஒரு பின் (குறுக்காணி) போட்டுப் பூட்டாவிட்டால் தண்டோடு எழும்பி வந்துவிடலாம். அந்தப் பின்னையும் கயிறு போட்டுக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். எங்கள் முதல் பின் தாமிரபரணியில் கிடக்கிறது.