கல்லில் இறங்கிய மாளிகைகள்

ஓவியர் ஃபெர்டினாண்ட் ரிச்சார்ட் 1819இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே பிரேடே என்ற ஊரில் பிறந்தார். டென்மார்க்கின் பண்ணை மாளிகைகளை அவர் வரைந்த படங்கள், 1844 முதல் 1868 வரை 20 தொகுதிகளாகக் கல்லச்சில், அதாவது கல்லின் மேல் கொழுப்புள்ள மையால் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், வெளிவந்தன. இத்தகைய படத்தில் மரம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. எந்த மாளிகை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். கோபுரம் எந்தப் பக்கம், கூரைச் சாய்வு எவ்வளவு, ஒரு மாடிக்கு எத்தனை சன்னல் என்பதெல்லாம் சரியாக அமைய வேண்டும்.

அந்தக் காலக் கல்லச்சு முறையில் இந்தத் துல்லியம் கெட்டுப்போக நிறைய இடம் உண்டு. அச்சில் இடம் வலம் மாறும் என்பதால் கல்லின் மேல் படத்தைத் திருப்பி வரைய வேண்டும். ஒரு பக்கத்துச் சுவரைத் திருப்ப மறந்தாலே காலை வெயில் மாலை வெயிலாகிவிடும். அதனால் மூலப் படத்துக்கு எதிரே கண்ணாடியை வைத்து, அதில் தெரிவதைப் பார்த்து வரைவார்கள். கோடுகளைக் கல்லுக்கு மாற்றக் காவி தடவிய தாள் போதும். காவியில் கொழுப்பு இல்லாததால் அது அச்சில் விழாது.

கொழுப்புதான் இந்தத் தொழிலின் உயிரும் எமனும். கல்லில் கொழுப்புப் பட்ட இடமெல்லாம் மையைப் பிடித்துக்கொள்ளும். விரல் ரேகை வானத்தில் கறையாக விழும். தலையிலிருந்து உதிரும் பொடுகுகூடக் கரும்புள்ளியாகும். கல்லுக்கு மேலே பாலம்போல் ஒரு பலகையைப் போட்டுக் கையை அதில் ஊன்றுவது இதனால்தான். வரைந்து முடித்ததும், வரையாத இடம் மையை ஏற்காமலிருக்க, அரபுக் கோந்தில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அமிலம் மிஞ்சினால் தொலைதூரத்து மரங்களின் மெல்லிய சாயல் கரைந்துவிடும். அதை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு, ஏனென்றால் சுரண்டித் திருத்தினால் கல்லின் நுண்சொரசொரப்பே போய்விடும்.

மங்கிய மஞ்சள் சாயலுக்கு இரண்டாவது கல். மேகமும் நீர்ப் பளபளப்பும் வரவேண்டிய இடங்களை அதில் சுரண்டிவிட்டால் தாளின் வெண்மை அங்கே தெரியும். இரண்டு அச்சுக்கும் நடுவே ஈரத்தாள் காய்ந்து சுருங்கினால் அந்த வெண்மை மேகத்தை விட்டு விலகி நிற்கும்.

1855இல் ரிச்சார்ட் அமெரிக்கா போய் நயாகராவை வரைந்தார். அருவியில் எண்ணுவதற்குச் சன்னல் இல்லை. நீரின் விளிம்பு நொடிக்கு நொடி மாறுகிறது. நம்பி அளக்கப் பாறை விளிம்பும் கரை மரங்களும்தான் உண்டு. பாறையோரம் ஒரு மனித உருவத்தை நிறுத்தினால்தான் அருவியின் உயரம் கண்ணுக்குப் பிடிபடும். பழகிய மாளிகைக் கண் இங்கே அவருக்குக் கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபத்தை வரைந்தபோது முகப்போடு எதிரே தெருவில் நடமாடும் மக்களையும் சேர்த்தே வரைந்தார். அந்த ஓவியம் இப்போது வெள்ளை மாளிகையின் சேகரிப்பில் இருக்கிறது.