தொடாமலே 'தொட்டாச்சு' என்ற சென்சார்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் ரோபோ கை ஒரு தக்காளியை நசுக்காமல் எடுத்துக் கிண்ணத்தில் வைத்தது. மூன்று வாரம் ஆனது. நசுங்கியதெல்லாம் ரசத்துக்குப் போனதால் வீட்டில் திட்டு விழவில்லை.

தப்பு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டிலேயே நடந்துவிட்டது. விரல் நுனிக்கு டச் சென்சார் வேண்டும் என்று கேட்டேன், கடைக்காரர் டிடிபி223 எடுத்து வைத்தார், பெயரிலேயே டச் இருக்கிறதே என்று நானும் வாங்கி வந்துவிட்டேன். அது பார்ப்பது கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாற்றத்தை, அழுத்தத்தை அல்ல. நீர் நிறைந்த தக்காளி சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போதே 'தொட்டாச்சு' என்று சொல்லிவிடும், விரலை அசைக்கும் சர்வோ மோட்டார் நின்றுவிடும், கை வெறுங்காற்றைத் தூக்கிக்கொண்டு போகும். காலி பிளாஸ்டிக் டப்பாவை இறுக்கிப் பிடித்தாலோ கண்டுகொள்ளாது! இப்போதெல்லாம் எந்தச் சென்சார் வாங்கினாலும் முதலில் பொருளைப் படாமல் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அளவு அசைந்தால் அது தொடாமல் உணரும் வகை, அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

அப்புறம் எஃப்எஸ்ஆர் 402, அழுத்தினால் மின்தடை மாறும் சென்சார். ஒன்றின் விலைக்குப் பத்து டிடிபி223 வரும், அதனால் கை நடுங்கியது. முதல் எஃப்எஸ்ஆரை சால்டரிங் அயர்னால் கொன்றேன். ஒயர் இணைக்கும் அதன் வால் பிளாஸ்டிக், சூடு பட்டதும் சுருண்டுவிட்டது. இரண்டாவதை ஜம்பர் ஒயர் ஹெட்டரில் செருகி, 10 கே ரெசிஸ்டரோடு ஆர்டுயினோ கண்ட்ரோலர் போர்டில் கொடுத்தேன். உயிரோடுதான் இருந்தது, ஆனால் எதையும் தொடாதபோதே 200 காட்டியது. நாலு நாள் புரோகிராமைக் குடைந்தேன். கோளாறு விரலில். நுனி லேசாக வளைந்திருந்ததால், ஒட்டியபோதே சென்சார் மடங்கி அழுந்திக்கொண்டிருந்தது. நுனியைத் தட்டையாக அரம் போட்டுத் தேய்த்ததும் பூஜ்யத்துக்கு இறங்கியது. இன்னொன்று, வால் வழியாகக் காற்று போக ஒரு துவாரம் உண்டு. நான் அழகுக்காக அதன்மேல் டேப் சுற்றி அடைத்து வைத்திருந்தேன். சென்சார் வட்டத்தின் நடுவில் சின்ன ரப்பர் வில்லை ஒட்டிய பிறகுதான் தக்காளி எந்தக் கோணத்தில் பட்டாலும் ஒரே மாதிரி அளவு வந்தது. அந்த ரப்பர் பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டியது.

தக்காளி அருகே கை போவதற்கு எச்.சி-எஸ்ஆர்04 என்ற, ஒலி அலையால் தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் போட்டுப் பார்த்தேன். 2 சென்டிமீட்டருக்குள் வந்தால் அதற்குக் கண் தெரியாது, எனக்கு வேலையே அங்கேதான். லேசரில் தூரம் பார்க்கும் விஎல்53எல்0எக்ஸ் இப்போது உள்ளங்கையில் இருக்கிறது. தக்காளிக்குப் பரவாயில்லை, கண்ணாடி டம்ளர் வைத்தால் பின்னால் இருக்கும் சுவரின் தூரத்தைச் சொல்கிறது.

அடுத்து முட்டை என்று திட்டம், எடையை அளக்கும் லோட் செல்லும் அதன் சிக்னலைப் படிக்கும் எச்எக்ஸ்711 போர்டும் வாங்கியாயிற்று. ஆனால் தக்காளியே முழுசாக முடியவில்லை. பிடித்தபடி அரை நிமிடம் நிறுத்தினால் எஃப்எஸ்ஆர் அளவு தானாக மெல்ல ஏறுகிறது, அதிகமாக அழுத்துகிறோம் என்று நினைத்து என் புரோகிராம் விரலைத் தளர்த்துகிறது. இன்று காலையில் மட்டும் இரண்டு தக்காளி தரையில்.