ஒன்பதாவது விநாடி

“தறி என்னோடது. அந்தச் சேலை என்னோடது இல்லையே தம்பி.”

கைத்தறி நெய்கிற ஐயா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பேத்தியின் போனை வாங்கி, நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்காக எடுத்த 17 விநாடி ரீல்ஸை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஏதோ சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று விநாடி, தறிக்குழிக்குள் ஐயாவின் கால் மட்டும். மிதிகட்டையை மாற்றி மாற்றி அமுக்குகிறது, பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. அப்புறம் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது. பாட்டு போடவில்லை, தறிச் சத்தம் மட்டும்தான். ஒன்பதாவது விநாடியில் கட். கடையில் அடுக்கி வைத்த சேலைகள். ஒரு கை, அரக்குக் கலர் சேலை ஒன்றை உதறி விரிக்கிறது. மேலே எழுத்து: ‘காரைக்குடி கண்டாங்கி, 650 ரூபாய் முதல்’.

விரித்தது விசைத்தறிச் சேலை, வெளியூர்ச் சரக்கு. ஐயா நெய்வது எங்கள் கடையில் 1,400. அதுவும் அந்த அடுக்கில்தான் இருந்தது, அடியில் ஐந்தாறு. அதனால்தான் ‘முதல்’ என்று போட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான், நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்து, ஜூலையில் ரீல்ஸ் வந்ததிலிருந்து ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோரும் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் போட்டதை 800 பேர், மிஞ்சிப்போனால் 1,000 பேர் பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள், இவைதான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். நம்மைத் தெரியாத ஆட்களிடம் போய்ச் சேர அனுப்புவதுதான் பெரிய விஷயம். சேலை விரிக்கிற வீடியோவை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. ஐயாவின் காலை அனுப்பினார்கள். ‘எங்க அப்பத்தா வீட்டுல இதே சத்தம் கேக்கும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் வாட்ஸ்அப்பில் 230 ஆர்டர்.

230 சேலையை ஐயா எங்கே நெய்வது? ஒரு சேலைக்கு அவருக்கு ஒன்றரை நாள், அதுவும் வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டையை, தாரை, சுற்றிக் கொடுத்தால். முதலாளி வெளியூரிலிருந்து இன்னும் இரண்டு பண்டல் இறக்கினார். கடையில் எங்கள் மூன்று பேருக்கும் அந்தத் தீபாவளிக்கு நல்ல போனஸ். ஐயாவுக்குக் கூலியில் ஒரு ரூபாய் ஏறவில்லை. அவர் நெய்வது நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவருக்கு, எங்களுக்கு இல்லை, அதுதான் காரணம். காரணம் சரிதான். அதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

“ஐயா, உங்க சேலையும் அதுல இருக்குல்ல” என்றேன் அன்றைக்கு.

“இருக்கு. எனக்குத் தெரியும். பாக்குறவுகளுக்குத் தெரியுமா?”

650-லிருந்து ஆரம்பம் என்றுதான் போட்டிருக்கிறோம், எல்லாமே 650 என்று சொல்லவில்லையே என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். “சரி, அதை விடு. இன்னைக்கு என்னத்த எடுக்கணும்?” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் காலை விட்டார். நான் எடுத்தேன்.

திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வருகிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை முதலில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் இருந்திருக்கலாம். தாத்தா வீடியோவில் வருவது பேத்திக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அவளுக்காகவும் இருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். “நாம பொய் எதுவும் சொல்லலையேப்பா” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்த இடத்தில் கட் பண்ணியது நான். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-லேயே, ஊர்ப் பெயரோடு சேர்ந்த சரக்கைக் காக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. கையால் நெய்தது என்று காட்டும் கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது. இரண்டும் தெரிந்துதான் அந்த எழுத்தைப் போட்டேன். கட்டம் போட்ட சேலையையெல்லாம் கண்டாங்கி என்று விற்கத்தான் செய்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் ஒரு வீடியோ எடுத்தேன். இரண்டு சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது கைத்தறி 1,400, இது விசைத்தறி 650, ஏன் இந்த வித்தியாசம் என்று நானே பேசினேன். 2,300 பேர் பார்த்தார்கள், மூன்று பேர் கைத்தறி வாங்கினார்கள். மூன்று சேலை என்றால் ஐயாவுக்கு நாலரை நாள் வேலை, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய வீடியோவைப் பார்த்து வந்தவர்களில் பதினொரு பேர், தறியில் நெய்ததே வேண்டும் என்று விசாரித்து 1,400 கொடுத்து வாங்கினார்கள். கணக்குப் பார்த்தால், மறைத்த வீடியோதான் ஐயாவின் சேலையை அதிகம் விற்றிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

பழைய வீடியோ இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தை மாற்ற முடியாது. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நாலு லட்சமும் போய்விடும். கேப்ஷனில் மட்டும் ‘விரித்துக் காட்டியது விசைத்தறிச் சேலை’ என்று ஒரு வரி சேர்த்தேன். தொட்டு விரித்தால்தான் அந்த வரி தெரியும்.

போன வாரம் ஒரு அம்மா அந்த அரக்குச் சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ‘இது அந்தத் தாத்தா நெஞ்சதா?’ என்று கேட்டிருந்தார். இல்லைங்க, இது விசைத்தறி, அவர் நெய்தது 1,400 என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: ‘பரவாயில்லைங்க, 650-லயே ஒண்ணு அனுப்புங்க. தாத்தாவைக் கேட்டதாச் சொல்லுங்க.’

சேலையை மறுநாளே அனுப்பிவிட்டேன். ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை.