தீ அதிகமில்லை, தண்ணீர் குறைவு

டுரியான் பழப் பருவம் வந்தால் எனக்கு வாய்ப்புண்ணும் கூடவே வந்துவிடும். பாலிக் பூலாவிலிருந்து கூட்டாளி ஒருத்தன் கூடையோடு கொண்டுவந்து போடுவான், நானும் விடமாட்டேன். இந்த வருஷம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டும் சேர்ந்துகொண்டது. நாக்கு ஓரத்தில் இரண்டு, உதட்டுக்குள் ஒன்று. ரசம் பட்டாலே உயிர் போகும்.

பினாங்கில் இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். நாம் ‘சூடு’ என்போம், மலாய்க்காரர் ‘பானாஸ்’ என்பார். சரி, சூட்டைத் தணிப்போம் என்று தெருமுனைக் கடையில் விற்கும் கறுப்புக் கசப்புத் தேநீரை இரண்டு வாரம் குடித்தேன். டுரியான் ஓட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதையும் விட்டுவைக்கவில்லை. புண் ஆறவில்லை, வயிறு கெட்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய மருந்துக்கடைச் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், போனேன். ரத்த அழுத்த மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அம்மாவும் துணைக்கு வந்தார். சின்சே ஒரு குட்டித் தலையணை மேல் என் மணிக்கட்டை வைத்து மூன்று விரல்களைப் பதித்தார். எனக்குச் சட்டென்று தாத்தா நினைவு. அவரும் அப்படித்தான் நாடி பார்ப்பார்: ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. சின்சேயோ இரண்டு கையையும் பார்த்தார். இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். முதலில் மேலாகத் தொட்டு, பிறகு அழுத்தி. விரல் மூன்றுதான், கணக்கு வேறு. (இதைக் கேட்டதும் என் மாமா ‘எல்லாம் நம்ம போகர் சீனாவுக்குக் கொண்டுபோனது’ என்றார். மாமா எதையும் நாம்தான் கொடுத்தோம் என்பார். விடுங்கள்.)

நாடிக்குப் பிறகு கேள்விகள். ராத்திரி வியர்க்கிறதா, தாகத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் கேட்கிறதா, வெந்நீர் கேட்கிறதா, எத்தனை மணிக்குத் தூக்கம், உள்ளங்கை காந்துகிறதா. புண்ணைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். நாக்கை நீட்டச் சொன்னார். சிவந்து கிடந்தது, மேலே மாவு பூத்தது போல இருக்க வேண்டிய படலம் இல்லை.

“ஆப்பி தாக் லெபே, ஆயிர் குராங்” என்றார். தீ அதிகமில்லை, தண்ணீர் குறைவு.

புரியவில்லை என்று என் முகமே சொல்லியிருக்கும். பக்கத்தில் இருந்த கெட்டிலைக் காட்டினார். அடுப்புத் தீ அதேதான். கெட்டிலில் தண்ணீர் வற்றிப்போனால் அடி கருகும். அந்தத் தண்ணீர்தான் யின், தீ யாங். இரவெல்லாம் விழித்திருந்தால் யின் வற்றும். தீயை அணைக்கிறேன் என்று குளிர்ச்சியான கசப்பையே ஊற்றினால் மண்ணீரலும் வயிறும் கெடும், தண்ணீர் ஊறாது. இரண்டு வாரம் நான் செய்த வேலை அதுதான்.

மருந்தும் அதே கணக்கில். சீனாவில் சோங் அரசர் காலத்தில் சியன் யி என்ற குழந்தை வைத்தியர் ஒரு பழைய மருந்திலிருந்து உஷ்ணமான இரண்டை, பட்டையையும் நாபி என்ற நச்சுக்கிழங்கையும், எடுத்துவிட்டு ஆறு சரக்குகளோடு ஒன்று செய்தார். அதோடு சூடு தணிக்கும் வேறு இரண்டைச் சேர்த்து எனக்குக் கட்டினார் சின்சே. நாற்பத்து மூன்று வயதில் குழந்தை மருந்து! தாளில் கொட்டியபோது ஒன்றுதான் கண்ணில் நின்றது: புளியைப் போலக் கறுத்து, விரலில் ஒட்டுகிற ஒரு கிழங்கு. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் காயவைப்பது மரபாம். மோந்து பார்த்தால் கருப்பட்டி.

மூன்று கிண்ணம் தண்ணீரை முக்கால் கிண்ணத்துக்கு மேல் கொஞ்சம் மீதி வரும் வரை மண்சட்டியில் சுண்டக் காய்ச்ச வேண்டும். நம் குடிநீரை எட்டொன்றாகச் சுண்டவைத்த வீட்டுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் அம்மா சட்டியில் ஒரு துண்டு சுக்கைப் போடப் பார்த்தார். “சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லடா.” உஷ்ணம் வேண்டாம் என்று சியன் யி பட்டையையே எடுத்திருக்கிறார், நீங்கள் சுக்கைப் போடுகிறீர்களே என்று தடுத்தேன்.

சின்சே அம்மாவையும் விடவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும், டாங் குய் என்ற சீன மூலிகை வேர் போட்ட சூப் மட்டும் கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரும் என்று கறாராகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதம் ஒருமுறை அதைத்தான் கொடுத்துவிடுவார். அம்மா வழியெல்லாம் பேசவில்லை.

பத்து நாளில் புண் ஆறியது. அந்த வாரமே எனக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது, டுரியானும் முடிந்தது, ஆகவே எந்த வைத்தியம் வென்றது என்று தெரியவில்லை. தினமும் சோற்றில் மணத்தக்காளிக் கீரை போட்டது தான் என்று அம்மா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.