"சத்தமாப் பேசு" என்று சொல்வதை நிறுத்திய பிறகு

புது வகுப்புக்குப் போன முதல் வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு பெயர்கள் ஆசிரியருக்கு மனப்பாடம் ஆகிவிடும். சத்தம் போடுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவர்கள். ஒரு மாதம் ஆன பிறகும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடிகிற ஒரு பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கும். இன்று அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

என் நான்காம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். நோட்டு சுத்தமாக இருக்கும், வீட்டுப்பாடம் தவறாது, யாரோடும் வம்பு கிடையாது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. "சத்தமாப் பேசும்மா, கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்" என்று நான் தினமும் சொன்னேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் நான் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வகுப்பில் உள்ள அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பும், அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் குனியும். நாலைந்து மாதத்தில் அந்த உதட்டசைவும் நின்றுபோனது. அது என்னால் நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் நாள் பிடித்தது.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மனிதர்களை உள்முகம் (தனக்குள்ளேயே இருக்க விரும்புவது), வெளிமுகம் (ஆட்களோடு கலக்க விரும்புவது) என்று இரண்டு சுபாவமாகக் காட்டி விளக்கியவர் கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர், 1921-ல். உள்முகமாக இருப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. சிக்கல் என்னவென்றால், பள்ளியில் நாம் "அமைதியான பிள்ளை" என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு பிள்ளைகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். இடைவேளையில் பத்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பான், யாராவது கூப்பிட்டால் போய் விளையாடுவான், போதும் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடுவான். அவனை விட்டுவிடலாம், அவன் நன்றாகத்தான் இருக்கிறான். இன்னொருத்தி விளையாட்டின் ஓரத்திலேயே நிற்பாள், பந்து போகும் பக்கமெல்லாம் கண் போகும், கால் மட்டும் நகராது. அவளுக்குச் சேர ஆசை இருக்கிறது, பயம் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றாவது ஒரு பிள்ளை உண்டு. போன வருடம் வரை கலகலவென்று இருந்துவிட்டு இந்த வருடம் திடீரென்று அடங்கிப்போன பிள்ளை. இந்தப் பிள்ளை விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. வீட்டில் ஒரு சாவாக இருக்கலாம், பெற்றோர் பிரிந்திருக்கலாம், பள்ளியிலேயே யாராவது மிரட்டிக்கொண்டிருக்கலாம், வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று நடந்திருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் போனால்கூடப் பிள்ளை ஒதுங்கும். அதையும் சோதித்துவிட வேண்டும்.

என் வகுப்புப் பெண் இரண்டாவது ரகம். அவள் அம்மா என்னிடம் வந்து, "நாங்க வளர்த்த விதம்தான் தப்பா டீச்சர்?" என்று கேட்டார். எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி இது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 4 மாதக் கைக்குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பொம்மைகளைக் காட்டி, பழக்கமில்லாத குரல்களைக் கேட்க வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அந்தக் குழந்தைகள்தான் பின்னால் புது ஆட்களைக் கண்டால் தயங்கி நிற்பவர்களாக வளர அதிக வாய்ப்பு இருந்தது. எல்லாக் குழந்தையும் அப்படி ஆகிவிடவில்லை. பிறக்கும்போதே வருகிற கூச்சம் கொஞ்சம் இருக்கிறது, அது பிறகு எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தன் மேல் பழி போட்டுக்கொள்வதை அவர் நிறுத்தினாலே பிள்ளைக்குப் பாதிப் பாரம் குறையும்.

சரி, நான் என்ன மாற்றினேன்? முதலில் "சத்தமாப் பேசு" என்பதை விட்டேன். அடுத்து, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் சொல்லத் தொடங்கினார்கள். 3 வினாடிதானே என்று நினைக்க வேண்டாம், வகுப்பில் நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும், நான் மனதுக்குள் எண்ணித்தான் பழகினேன். பிறகு, பதிலை முதலில் நோட்டில் எழுது, பக்கத்தில் இருப்பவளிடம் சொல், அதற்கப்புறம் வகுப்புக்குச் சொல்லலாம் என்று எல்லாருக்குமே வைத்தேன். அவளுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் மறுபடியும் தலைகள் திரும்பியிருக்கும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது வேறொன்று. ஃபர்மன், ராஹே, ஹார்ட்டப் என்ற மூவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒதுங்கி நிற்கிற 24 மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலரைத் தங்கள் வயதுக் குழந்தையோடும் சிலரைத் தங்களைவிட ஒரு வயதுக்கு மேல் சிறிய குழந்தையோடும், இருவர் இருவராகப் பல முறை விளையாட விட்டார்கள். சின்னக் குழந்தையோடு விளையாடியவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். யோசித்தால் புரிகிறது. தன் வயதுக்காரர்களிடம் எப்போதும் பின்னால் நிற்கிற பிள்ளை, சின்னவனிடம் போனால் முதல் அடியைத் தானே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, அவனும் எதிர்த்துப் பேசாமல் கேட்கிறான்.

அவளை வாரம் இரண்டு நாள் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினேன், எழுத்துக்கூட்டத் திணறுகிற ஒரு பையனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க. மூன்றாவது வாரம் வராந்தாவில் போகும்போது, "டேய், விரலை வச்சுப் படி, வரி மாறுது பார்" என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. தெரிந்ததும் உள்ளே போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். போயிருந்தால் "அட, நீயா பேசுறே!" என்று என்னை அறியாமல் சொல்லியிருப்பேன், அந்த ஒரு வார்த்தை போதும், மறுபடியும் மூடிக்கொள்வாள். பேசாத பிள்ளை பேசினால் கைதட்டக் கூடாது. எப்போதும் பேசுகிறவளிடம் பேசுவதுபோலப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் போதாது. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, பள்ளியில் மட்டும் ஒரு சொல்கூட வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். பிடிவாதம், திமிர் என்று அடிவாங்குகிற பிள்ளைகள் இவர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இது பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டிவிடுங்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று வருடங்களைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: பள்ளி விட்டு வந்ததும் கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள், நாள் முழுக்கக் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு அரைமணி நேரமாவது தனிமை வேண்டும். முகத்துக்கு முகம் உட்கார வைத்துக் கேட்பதைவிட, துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது பக்கத்தில் இருந்தால் தானாகவே வரும். உறவினர் முன்னால் "இவ ஊமைக்கோட்டான்" என்று யார் சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடுங்கள், பிள்ளை காதில் விழுகிற மாதிரி.

அந்தப் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. இன்றும் கையைத் தூக்குவதில்லை. பக்கத்துப் பெண்ணிடம் சொல்கிறாள், அவள் எழுந்து எனக்குச் சொல்கிறாள். சில நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருப்பாள். அதற்குக் கீழே பதில் எழுதித் தருகிறேன்.