பென்சிலில் இரண்டு எழுத்து

மாவட்ட சுகாதாரப் புள்ளிவிவரங்களைத் தொகுப்பது என் வேலை. ஒரு துணை சுகாதார நிலையத்திலிருந்து வரும் பட்டியலில் சில கர்ப்பிணிகளுக்குப் பிரசவ விவரம் மாதாமாதம் காலியாகவே இருக்கும். 'பின்தொடரவில்லை' என்று கணக்கிட்டு, விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவோம்.

போன புதன்கிழமை, தடுப்பூசி நாளில், நேரிலேயே போனேன். கிராம சுகாதார செவிலியர் அக்கா கடைசிக் குழந்தைக்கும் ஊசி போட்டுவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஓரம் நைந்த நீளமான பேரேடு. காலியாக இருந்த கட்டங்களின் பக்கத்தில் எல்லாம் பென்சிலில் 'தா.வீ.' என்று எழுதியிருந்தார்.

தாய் வீடு.

"தலைப்பிரசவம் சார். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தையின் எடை அந்த ஊரில்தானே பதிவாகும்? அதை எழுத உங்கள் படிவத்தில் இடமே இல்லையே" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆர்.சி.எச். என்ற 12 இலக்கத் தாய்-சேய் நலப் பதிவு எண் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பட்டியல்களையும் நாங்களே ஒப்பிட்டிருக்கலாம். ஒரு ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். கடிதம்தான் அனுப்பினோம்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "நாங்கள் அனுப்பும் கணக்கு அப்புறம் என்ன ஆகிறது சார்?" இத்தனை வருடங்களில் அவருடைய ஊரின் அறிக்கையை யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

இந்த மாதப் படிவத்தில் 'தாய் வீடு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அறிக்கையை மேலே அனுப்பும் முன் அக்காவிடம் பேசினேன். அவருக்கான பிரதி நேற்றுத் தபாலில் போயிருக்கிறது.